என் பொண்ணே சொல்றா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது ஒரு விளம்பரக் கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. சிறு விவசாயிகளுக்குக் கைகொடுக்கும் புதிய தொழில்நுட்ப நிறுவனங்களில் பணம் போடுகிற ஒரு முதலீட்டு நிறுவனம், தன் ஆண்டு மலருக்காக என்னிடம் மூன்று பக்கம் கேட்டது. அங்கே பணம் போடுகிற பெரிய மனிதர்களுக்கு லாபமும் வேண்டும், புண்ணியமும் வேண்டும். இரண்டும் கிடைத்தது என்று காட்ட நெஞ்சைத் தொடுகிற மாதிரி ஒரு வெற்றிக் கதை தேவை. அதற்குத்தான் நான்.

முதல் வரியும் தயார்: "பச்சைப் பசேலென்ற தக்காளித் தோட்டத்தின் நடுவே முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறார் ஒரு பெண். அவர் வாழ்க்கையையே மாற்றியது மண்ணில் குத்திய ஒரு சின்னக் கம்பி—"

(அந்த வாக்கியம் அதற்கு மேல் போகவில்லை. அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். அதில் பொய் என்று எதுவுமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் உறைக்கிறது.)

2

மறுபடி தொடங்குகிறேன். இது தக்காளிக்காரம்மாவின் கதை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். திரும்பி வரும்போது, என்னை அங்கே அழைத்துப்போன முதலீட்டு அதிகாரியின் கதையாகிவிட்டது.

அலுவலகத்தில் அவளுக்குக் 'குறுக்குக் கேள்வி' என்று பட்டப்பெயர். பணம் கேட்டு வருகிறவர்கள் படம் போட்டு, கோடு கிழித்து, வானத்தை வில்லாக வளைத்துக் காட்டுவார்கள். கன்னத்தில் கைவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, அவள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். அவ்வளவுதான், டயரில் ஆணி ஏறின மாதிரி ஆகிவிடும் அவர்கள் கதை.

அவளிடம் தப்பித்தவன் ஒருவன். தாடியைச் சொறிந்துகொண்டே பேசுகிற இளம் நிறுவனர். 'கம்பித் தம்பி' என்று அவளே வைத்த பெயர். அவனுடைய கம்பியை வேர்ப் பக்கம் குத்தி வைத்தால், மண்ணின் ஈரத்தை அளந்து, இன்றைக்குத் தண்ணீர் பாய்ச்சலாமா வேண்டாமா என்று விவசாயியின் போனுக்குச் சொல்லிவிடும். தண்ணீர் மிச்சம், உரம் மிச்சம், காயும் நல்ல காய். அவள் நேரில் போய்ச் செடியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பணத்துக்குத் தலையாட்டினாள். ஒரு பள்ளத்தாக்கைச் சொல்லி, "அங்கேருந்து ஆரம்பிங்க, காஞ்ச பூமி, அங்கதான் இது தேவை" என்று இடத்தையும் அவளே காட்டினாள்.

கம்பி ஜெயித்தது. இப்போது இரண்டாவது சுற்றுப் பணம். பள்ளத்தாக்கு முழுவதும் கம்பி நடத் திட்டம். அதற்கு முன் கடைசியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு வரத்தான் கிளம்பினோம். ஜீப்பை ஓட்டியது கம்பித் தம்பி.

3

தக்காளிக்காரம்மா பேச்சில் கெட்டிக்காரி. "கம்பி சொன்னா தண்ணி விடுவேன், சொல்லலைன்னா சும்மா இருப்பேன். எங்க வீட்டுக்காரர்கூட இவ்வளவு பொறுப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லைங்க" என்றாள். பின் வரிசையில் கொடிகளைக் குச்சியில் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் தலையைத் தூக்காமலே சிரித்தார். எனக்குக் கை பரபரத்தது. மலருக்கு இதைவிட என்ன வேண்டும்?

வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "அடுத்த வருஷம் என்னம்மா திட்டம்?"

"அடுத்த நடவுக்கு நாங்க இங்க இருக்கமாட்டோம்ங்க."

அதிகாரி நிமிர்ந்தாள். "ஏன்? எங்க போறீங்க?"

"எங்கன்னு தெரியலை. குத்தகை நிலம் மேடம் இது. திருப்பிக் கேட்டுட்டாங்க. நாங்க வந்தப்போ கல்லும் முள்ளுமா கெடந்தது, ஒருத்தரும் எட்டிப் பாக்கலை. இப்ப விளையுதுல்ல, அதான்."

"யாரு நிலம் இது?"

"ஆளைப் பாத்ததே இல்லைங்க. எல்லாம் தரகர் மூலமாத்தான். காலி பண்ணச் சொல்றாங்கன்னு அவர் வந்து சொன்னப்போ நான் நம்பலை. நீங்களா ஏதோ விளையாடறீங்கன்னு சண்டை போட்டேன். அப்புறம் அந்தம்மா அவருக்குப் பேசி அனுப்பினதை அப்படியே எனக்கு அனுப்பிட்டார். நீங்களே கேளுங்க."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை அழுத்தினாள். வயதான பெண் குரல். ஒவ்வொரு சொல்லையும் கரும்பலகையில் எழுதுவது போல நிறுத்திப் பேசுகிற குரல்.

"தம்பி, டீச்சர் பேசறேன். அந்தத் தக்காளி போடறவங்களை இந்த வெள்ளாமையோட போதும்னு சொல்லிடுங்க. அந்தப் பக்கமெல்லாம் இப்போ பொன்னா விளையுதாம். என் பொண்ணே சொல்றா. அவ அந்த வேலையிலதானே இருக்கா, தெரியாம சொல்லமாட்டா. இனிமே நம்ம பையனே பார்த்துக்கட்டும்."

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள் அதிகாரி.

மறுபடி ஓடியது. அவள் முகத்தில் ரத்தம் என்பதே இல்லை. குச்சியைப் பிடித்தாள், அது சாய்ந்தது. தக்காளிக்காரம்மா பதறிப்போய், "வெயில் ஒத்துக்கலை போல, தண்ணி குடிங்க மேடம்" என்று செம்பை நீட்டினாள். செம்பை வாங்கினவள் குடிக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

நானும் வெயில் என்றுதான் நினைத்தேன். ஜீப் தார்ச்சாலைக்கு ஏறியபோது, யாரிடமும் இல்லாமல் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்: "அது எங்கம்மா."

கம்பித் தம்பி பிரேக்கில் காலை வைத்த வேகத்தில் என் நெற்றி முன்சீட்டில் இடித்தது.

4

(வாசகர் முகம் சுளிப்பது தெரிகிறது. இத்தனை நிலத்தில் அவள் வீட்டு நிலமேதானா? எனக்கும் உறுத்தியது. அம்மாவை அத்தையாக்கிப் பார்த்தேன், அத்தையைப் பக்கத்து வீட்டம்மாவாக்கிப் பார்த்தேன். கதை உப்புச்சப்பில்லாமல் போயிற்று. யோசித்தால் இது அப்படியொன்றும் தற்செயலும் இல்லை. 'காஞ்ச பூமி' என்று அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி அவள் கேள்விப்பட்டதே அப்பா வாயால்தான். அப்பா போன பிறகு நிலத்தைத் தரகர் கையில் விட்டுவிட்டு வீடே அதை மறந்திருந்தது.)

இதற்கு முன்னால் நடந்த ஒரு காட்சியை இப்போதுதான் சொல்கிறேன். முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், அவளுக்குத் தெரியாதது உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கும். அதற்கு மனம் வரவில்லை.

அந்த வீட்டில் மூன்று பேர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற அம்மா. வேலை போனதிலிருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்ட அண்ணன். அவள். சாப்பாட்டு மேசையில் வாயைத் திறக்கிறவள் அவள் ஒருத்திதான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே போனில் பள்ளத்தாக்கின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். "பாரும்மா, இந்தப் பச்சையெல்லாம் நம்ம கம்பி போட்ட நிலம். அந்தப் பக்கமெல்லாம் இப்போ பொன்னா விளையுது."

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "நம்ம நிலம்கூட அங்கதானே எங்கேயோ இருக்கு?"

"இருக்கும்மா. தரகரைத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனாள்.

அம்மா தரகரைக் கேட்டுவிட்டாள். நடந்தது அவ்வளவுதான்.

5

தோட்டத்திலிருந்து திரும்பியவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. (நான் அங்கே இல்லை. அவள் சொன்னதை எழுதுகிறேன். குரலை உயர்த்தியது யார் என்பதில் மட்டும் அவள் சொன்னதை முழுசாக நம்பவில்லை.)

"நிலம் நம்மளோடது. நான் யார் வயித்துல அடிச்சேன்?" என்றாள் அம்மா.

"அவங்க உழைக்கலைன்னா அது வெறும் கல்லும் முள்ளும்மா."

"அதுக்காக? எழுதியா குடுக்க முடியும்? நல்லா விளையுதுன்னு நீதானே சொன்னே?"

"அவங்க நல்லா விளைய வெக்கறாங்கன்னு சொன்னேன்!"

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "கத்தாதே. உங்கண்ணன் இன்னிக்கு ஷேவ் பண்ணியிருக்கான். பார்த்தியா நீ?"

அறைக் கதவு திறந்தது. அண்ணன் வழவழவென்ற முகத்தோடு நின்றான். காலில் புத்தம் புதிய ரப்பர் பூட்ஸ். வீட்டுக்குள் நடந்து பழகிக்கொண்டிருந்திருக்கிறான்.

"குட்டி, வேர் அழுகல், இலைச் சுருட்டல் எல்லாம் படிச்சுட்டேன். உங்க கம்பி வேணும்னும் எழுதிப் போட்டிருக்கேன்" என்றான். பிறகு, கண்ணைப் பார்க்காமல், "நீதான் எனக்கு ஒரு வழி காட்டினே" என்றான்.

தங்கை என்ற முறையில் சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. செருப்போடு நின்றுகொண்டே அழுதாள்.

6

இங்கேயே முடித்திருந்தால் இது ஒரு வீட்டுக் கதை. முடிக்க விடாதவன் கம்பித் தம்பி.

மறுநாள் அவனைப் போனில் கூப்பிட்டு, கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டாள். "உங்க விவசாயிங்கள்ல சொந்த நிலம் வெச்சிருக்கறவங்க யாரு, குத்தகைக்காரங்க யாரு?"

"நாங்க அதைக் கேக்கறதே இல்லை மேடம்" என்றான். "நீங்களும் கேக்கலை."

கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றான். கூப்பிடவில்லை, நேரிலேயே வந்தான். தாடியைச் சொறியவில்லை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"மேடம், உங்க வீட்டு நிலம் மட்டும் இல்லை. நிறையப் பேரைக் காலி பண்ணச் சொல்லியிருக்காங்க. அதுவும் எப்படின்னா…" போனில் பட்டியலைத் திறந்து நீட்டினான். "எங்க நல்லா விளைஞ்சதோ, அங்கதான் முதல்ல. கம்பி சரியா வேலை செய்யாத இடத்துல குத்தகைக்காரங்க நிம்மதியா இருக்காங்க."

தூக்கிவாரிப்போட்டது என்று எழுதினேன், அடித்தேன். இடி விழுந்தது என்று எழுதினேன், அதையும் அடித்தேன். அவள் எழுந்து சன்னல் வரை போய், திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் சொன்னது அதுதான். அவள் செய்தது இதுதான்.

முதலீட்டுக் கூட்டத்தில் தலைவர் பொறுமையாகத்தான் கேட்டார். "நாம அளக்கறது விளைச்சலை. அது கூடியிருக்கு. நிலம் யார் கையில இருக்குங்கறது நம்ம வேலையா?"

"சார், அந்தச் சிரிச்ச முகத்தைத்தான் மலர்ல போடறதா இருந்தோம். மலர் வரும்போது அந்தம்மா அந்த நிலத்துல இருக்கமாட்டாங்க" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "காலி பண்ணச் சொன்னது எங்கம்மா. நிலம் விளையுதுன்னு அவங்ககிட்டச் சொன்னது நான்."

காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்த ஒருவர் கரண்டியை அப்படியே நிறுத்தினார்.

நெடுநேரம் வாதாடினார்கள். நில உரிமையாளர் பல வருஷக் குத்தகைக்குக் கையெழுத்துப் போட்டால்தான் அந்த நிலத்துக்குக் கம்பி. அப்படி நடந்தால்தான் இரண்டாவது சுற்றுப் பணம் என்று முடிவானது. அவளுக்கு மூச்சு வந்தது. எழுந்திருக்கும்போது தலைவர், குத்தலாக இல்லாமல், சாதாரணமாகவே சொன்னார்: "அப்போ முதல் கையெழுத்து உங்க வீட்டுலேருந்து வரட்டும்மா."

அம்மா கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "எனக்கு ரெண்டும் பிள்ளைங்கதான். ஒருத்தியோட நியாயத்துக்கு இன்னொருத்தனை மறுபடி அந்த ரூமுக்குள்ள அனுப்பச் சொல்றியா?" என்று கேட்டாள். அதற்கு அவளிடம் குறுக்குக் கேள்வி ஒன்றும் இல்லை.

7

கடைசியில் அவள் செய்தது ஒன்றுதான். அண்ணனை அழைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். நானும் போனேன், மலருக்காக அல்ல.

"அன்னிக்குப் போன்ல பேசினது எங்கம்மா" என்றாள்.

தக்காளிக்காரம்மா பறித்த காயைக் கூடையில் போட மறந்து அவளையே பார்த்தாள். "அப்ப அந்தப் பொண்ணு…"

"நான்தான்."

"அப்படி என்னதாங்க சொன்னீங்க உங்க அம்மாகிட்ட?"

"நீங்க நல்லா விளைய வெச்சிருக்கீங்கன்னுதான் சொன்னேன்."

தக்காளிக்காரம்மா வரப்பில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தோம், திட்டுவாள் என்று நினைத்தோம். இரண்டும் இல்லை, வாய் திறந்தபடி இருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்காரர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் அசைந்தாள். அப்போதுதான் பூட்ஸ் போட்டவனைக் கவனித்தாள். "இவர்தானா அந்தப் பையன்?"

அண்ணன் தலையாட்டினான். வரிசைக்குள் கால் வைக்காமல் வெளியிலேயே நின்றான். "ஒரு செடியில இத்தனை காய் இருக்கும்னு எனக்குத் தெரியாதுக்கா" என்றான். அது உண்மையாகவே அவன் வாயிலிருந்து வந்தது.

தக்காளிக்காரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சரி, அதெல்லாம் கெடக்கட்டும். நாத்துக்காரன் இன்னிக்குப் பதில் சொல்லச் சொல்லியிருக்கான். அடுத்த நடவுக்கு நாத்து வாங்கட்டுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லுங்க."

இதற்கு மூன்று பதில் எழுதினேன். ஒன்றில் அண்ணன், "நீங்க வாங்குங்கக்கா, நான் உங்ககிட்டக் கத்துக்கறேன்" என்கிறான். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒரே நிலத்தில் இரண்டு குடும்பம் எப்படிச் சாப்பிடும் என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றில் அம்மா காரிலிருந்து இறங்கி வருகிறாள், பேனாவோடு. அம்மா அன்றைக்கு வரவே இல்லை. மூன்றாவதில் அதிகாரி, "வேணாம்" என்று சொல்லிவிட்டு—

அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

அந்த வரப்பில் நின்ற யாருமே பதில் சொல்லவில்லை. அண்ணன் தங்கையைப் பார்த்தான், தங்கை என்னைப் பார்த்தாள். நான் எழுதுகிறவன், இதையெல்லாம் பார்க்க வந்தவன் என்று சொல்லிக்கொண்டு மண்ணைப் பார்த்தேன். ஆகவே, இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்ட நீங்கள் சொல்லுங்கள். தக்காளிக்காரம்மா உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்: நாற்று வாங்கட்டுமா, வேண்டாமா?