பதில் தாமதமாகும் வீடு

இசை மென்பொருள் கற்றுக்கொள்பவரின் வீட்டில் கேள்விகளுக்குப் பதில் தாமதமாகத்தான் வரும். திரையில் ஒரு கட்டையை அழுத்தினால் சத்தம் பிறகு கேட்கிறது அல்லவா, அதேதான். வாய் இப்போது அசையும், குரல் அப்புறம் வரும். முதல் பாடத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறார்கள். 'தாமதம்' என்ற இடத்தில் ஓர் எண் இருக்கும், அதை உங்கள் வீட்டுக்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். எந்த எண் ஏற்றது என்று மட்டும் சொல்லித் தொலைப்பதில்லை.

நான் இதில் இறங்கியது புனிதவல்லிக்காக. வெங்காயம் உரிக்கும்போது என் மனைவி ஒரு மெட்டை முணுமுணுப்பாள். அதைப் பாட்டாக்கிக் கொடுத்து அசத்திவிடலாம் என்று நினைத்தேன். திறந்தால் திரை முழுக்கக் கோடும் கட்டமும் குமிழ்களும். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று 'தாமதம்' உட்பட எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் திருகி வைத்தேன்.

மறுநாள் காலை அவள் வெங்காயக் கூடையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏங்க, ஆபீஸ்ல என்னை ஓசூர் கிளைக்கு மாத்துறாங்களாம். இன்னைக்கே பதில் சொல்லணும். போகட்டுமா, வேணாமா?"

"இரு, போகாத" என்றேன் உடனே. நெஞ்சிலிருந்துதான் சொன்னேன். குரல் வரவில்லை. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன், தலையும் அசையவில்லை. பதில் என்றால் எல்லாமே பதில்தான்.

அவளுக்கும் வீட்டு நிலவரம் தெரியும். பொறுமையாகக் காத்திருந்தாள். பாதி வெங்காயத்தை உரித்தாள், குளித்தாள், பெட்டியை அடுக்கினாள். வாசலில் நின்று, "இதுக்குப் போயா இவ்வளவு யோசனை?" என்றாள். அதற்கு நான் சொன்ன "இல்லை"யும் வரவில்லை. போய்விட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அழுதேன். அழுகையும் வரிசையில் போய் நின்றுகொண்டது.

மாடி வீட்டு ஸ்டெல்லா அக்கா வந்து என்னிடம் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு கிளம்பும்போதுதான் என் தலை வேகமாக ஆடியது. கூடவே குரலும் வந்து சேர்ந்தது. "இரு, போகாத."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கா சொன்னீங்க, தம்பி? மரியாதை கொஞ்சம் கம்மிதான். பரவால்ல, இருக்கேன்."

"உங்களுக்கு இல்லக்கா" என்றேன். அது எப்போது வருமோ.

இப்படியே விட்டால் சரிப்படாது என்று 'தாமதம்' எண்ணைக் குறைத்தேன். காத்திருக்கும் பதில்கள் அழிந்துவிடும், சம்மதமா என்று மென்பொருள் கேட்டது. சம்மதம் என்று அழுத்தினேன். அக்காவுக்குச் சொன்னது அழிந்தது. என் அழுகையும் அழிந்தது. எண்ணை இன்னும் குறைத்துக்கொண்டே போனேன். பூஜ்யத்தில் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை, அதற்கும் கீழே இறங்கிவிட்டது.

மேசைமேல் இருந்த போனிலிருந்து புனிதவல்லியின் குரல் கேட்டது.

"சரி, வர்றேன். அதுக்கு ஏங்க இப்படி அழறீங்க?"

நான் இன்னும் போன் செய்திருக்கவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. ஆனால் இரண்டாம் பாடத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது: பொழுது சாய்வதற்குள் கேள்வி வந்து சேராவிட்டால், முந்தி வந்த பதில் திரும்பப் போய்விடும். அவளிடம் என்ன கேட்கப் போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதைவிட, அவள் பதிலுக்குப் பொருந்த நான் அழவும் வேண்டும். என்னிடம் இருந்த அழுகையைத்தான் அழித்துவிட்டேனே.

ஸ்டெல்லா அக்கா எழுந்து, புனிதவல்லி பாதியில் விட்டுப்போன வெங்காயக் கூடையைப் பார்த்தார்.

"நீங்க போனைப் போடுங்க தம்பி, கத்தி எங்க இருக்கு?" என்றார்.

அவர் கத்தியைத் தேடி எடுப்பதற்கு முன்பே என் கண்களிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. அவள் எண்ணை அழுத்தினேன்.