தொட்டியிலிருந்து ஏந்திய கைகள்

ஞானஸ்நானத்தில் எல்லோரும் தண்ணீரைப் பார்ப்பார்கள். நான் கைகளைப் பார்ப்பேன். குருவானவர் குழந்தையை மூன்று முறை முக்கி எடுத்ததும், அதைத் தொட்டியிலிருந்து யார் ஏந்துகிறாரோ அவரே ஞானத்தாய். அந்தக் கணத்திலிருந்து அவர் பெற்றவர்களுக்கு உடன்பிறந்தவர் போல. ஆகவே அவர்களோடு மண உறவு கூடாது, முன்பே இருந்தாலும் அது முறிந்துவிடும் என்பது சபைச் சட்டம். ரைன் நதிக்கரையில் எங்கள் சிற்றாலயத்தில் பதினோரு வருடங்களாகத் திருத்தொண்டனாக இருக்கும் நான், கேட்டவர்களுக்கெல்லாம் இதைச் சளைக்காமல் விளக்கியிருக்கிறேன்.

பெந்தெகொஸ்துத் திருநாளுக்கு முந்தின நாள் காலை, குதிரைவீரன் வெரிங்கரின் மகளுக்கு ஞானஸ்நானம். தொட்டி இருக்கும் அறை சிறியது. குருவானவர் அல்பரிக், நான், தாய் கெர்லிண்ட், ஞானத்தாயாக வந்திருந்த மாவு ஆலைக்காரி ஓடா, நால்வர்தான் உள்ளே. மற்றவர்கள் திரைக்கு வெளியே நின்றார்கள். கடைசி நேரத்தில் கெர்லிண்ட், குழந்தையை ஏந்திப் போர்த்தும் வெள்ளைத் துணியை வாசலிலேயே விட்டுவிட்டதாகச் சொல்லி ஓடாவை அனுப்பினாள். அல்பரிக்குக்குப் பார்வை மங்கல். மூன்றாம் முறை முக்கிய குழந்தையை எப்போதும்போல இடப்பக்கம் நீட்டினார். இரண்டு கைகள் வாங்கிக்கொண்டன. இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் கோணலாக இருந்தன.

அவை கெர்லிண்டின் விரல்கள்.

வெளியே ஓடி வெரிங்கரை ஓரமாக அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"இதுக்கா சாமி இப்படி வேர்த்து நிக்கிறீங்க? மறுபடி முக்கி ஓடா கையில குடுங்க."

ஒரு குழந்தைக்கு இரண்டாம் ஞானஸ்நானம் கிடையாது என்று விளக்கினேன். அவன் சிரிப்பு நின்றது.

"அப்போ இவ எனக்கு யாரு?"

"இனி உங்க பொண்டாட்டி இல்ல."

தவறு என்னுடையது, தடுத்திருக்க வேண்டும் என்று நான் குழறிக்கொண்டிருந்தபோது, கெர்லிண்ட் குழந்தையோடு திரையருகே வந்தாள்.

"தப்பு ஒண்ணும் நடக்கல சாமி. தவக்காலத்துல நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

ஆம், தவக்காலத்தில் என்னிடம் வந்திருந்தாள். நான்கு கேள்விகள் கேட்டாள். நான் கரித்துண்டால் தரையில் வட்டங்கள் போட்டு, யார் யாருக்கு என்ன உறவு என்று உற்சாகமாகக் காட்டினேன். பெற்றவளே தெரியாமல் ஏந்திவிட்டால் என்ன ஆகும் என்பது கடைசிக் கேள்வி. தண்ணீர் யார் மனதையும் கேட்காது என்றேன். அந்தப் பதில் எனக்கே பிடித்திருந்தது. அன்று அவள் இடது கையில் கட்டு இருந்தது. அதைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

வெரிங்கர் என் தோளைப் பிடித்துக் காதருகே குனிந்தான்.

"ஓடாதான் ஏந்துனான்னு சொல்லிடுங்க. கிழவருக்குக் கண்ணு தெரியாது. பாத்தது நீங்க ஒருத்தர்தான்."

உள்ளிருந்து அல்பரிக் சடங்கின் கடைசிக் கேள்வியைக் கேட்டார். ஏந்தியவர் பெயரைச் சபை கேட்கும்படி திருத்தொண்டன் சொல்ல வேண்டும். அதன்பின் அதை மாற்ற முடியாது.

"யார் ஏந்துனது?"

வெரிங்கரின் பிடி இறுகியது. கெர்லிண்ட் என்னைப் பார்க்கவில்லை. குழந்தையின் தலையைக் கோணல் விரல்களால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கெர்லிண்ட்," என்றேன். விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை.

வாசலில் ஓடா, நனையாத வெள்ளைத் துணியோடு எங்களைப் பார்த்தபடி நின்றாள்.