வெளிநாடு போனவன்

அன்று காலை பட்டறையில் இருந்தவர்கள்: முதலாளி, கணக்கையும் சாவிக்கொத்தையும் பார்த்துக்கொள்ளும் அவர் மனைவி, வெல்டர், புதிதாக வேலைக்குச் சேர்ந்து, வந்த வேகத்தில் 'சர்டிபிகேட்' என்று பெயர் வாங்கிய கடைசல்காரர், எண்ணெய்க் கம்பெனியிலிருந்து சோதனைக்கு வந்த மேடம், வாசலை அடைத்துக் காரை நிறுத்திவிட்டு அதிலேயே உட்கார்ந்திருந்த அவருடைய டிரைவர். ஸ்டோர் ரூமில் இருந்தவனைப் பற்றி மேடத்திடம் யாரும் சொல்லவில்லை.

அவன் முதலாளி மனைவியின் தம்பி. கடைசல் இயந்திரமான லேத்தைத் துடைத்து எண்ணெய் விட்டு வைத்துவிட்டு, மேடம் வருவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவதாகத்தான் ஏற்பாடு. மேடம் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். பட்டறைக்கு ஒரே வாசல். அக்கா அவன் முதுகில் கைவைத்து ஸ்டோர் ரூமுக்குள் தள்ளிப் பூட்டினாள். உள்ளே பழைய பெல்ட்டுகள், கிரீஸ் டப்பாக்கள், இறக்கை உடைந்த மின்விசிறி. ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, வலது கையை இடது கக்கத்தில் வைத்துக்கொண்டான். அந்தக் கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லை. வேர்வை பட்டால் தழும்பு இன்னும் எரிந்தது.

விரல்கள் போனது ஒரு போட்டோவால். எண்ணெய்க் கம்பெனியின் உள்ளூர் சப்ளையர் பட்டியலில் சேர விண்ணப்பித்தபோது, ஆட்கள் பாதுகாப்பாக வேலை செய்வதைக் காட்டும் படம் கேட்டிருந்தார்கள். முதலாளி எல்லாருக்கும் மஞ்சள் கையுறை வாங்கி வந்தார். ஓடுகிற லேத்தில் கையுறை போடக்கூடாது என்பது பட்டறை கூட்டுகிறவனுக்கும் தெரியும். "ஒரு நிமிஷம் மாப்ளே. வெறுங்கையோட நின்னா நம்மளக் காட்டுப்பயலுகன்னு நெனைப்பாங்க" என்றார். படம் நன்றாகவே வந்தது. "இன்னொண்ணு எடுத்துடுவோம்" என்று அவர் சொல்லும்போதே இரும்பைக் கவ்விச் சுழலும் சக் கையுறையின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் அக்கா, வீட்டுக் கதவில் கை நசுங்கியதாகச் சொன்னாள். பட்டறையில் விபத்து நடந்தது தெரிந்தால் பட்டியலில் இடம் கிடையாது. பட்டியலில் ஏறியதும் அவனைப் பழையபடி லேத்தில் நிறுத்துவதாக மாமா அவனுடைய நல்ல கையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவனும் நம்பினான். லேத்தைத் தவிர அவனுக்கு வேறு பிழைப்பு தெரியாது.

கதவுக்கு வெளியே மேடம் பேசுவது கேட்டது. "கடலுக்குள்ள இருக்கிற மேடையில ஒரு போல்ட் மாத்தணும்னாகூட கப்பல்லதான் வருது. இங்க செய்ய முடியாதான்னு கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிச்சுப்போச்சு. நீங்க செஞ்சு காட்டிட்டா, நாளைக்கு நானும் நாலு பேர் முன்னாடி தலை நிமிர்ந்து பேசலாம்."

அவர் மனதாரத்தான் பேசினார். பிறகு சுவரில் மாட்டியிருந்த போட்டோ பக்கம் நடந்துபோய் நின்றார்.

"இந்தப் படத்துல லேத்துல நிக்கிறது யாரு? இவரு இல்லையே."

"அவன் வெளிநாடு போயிட்டான் மேடம்" என்றார் முதலாளி.

"பாத்தீங்களா? நல்ல ஆளுங்களையெல்லாம் இப்படித்தான் விட்டுடுறோம்."

"என்ன மேடம் பண்றது. எவ்வளவோ சொல்லிப் பாத்தோம்."

ஸ்டோர் ரூமில் இருந்தவன் வாயைப் பொத்திக்கொண்டான். சிரிப்புதான் வந்தது.

மேடம் ஒரு உருக்குத் தண்டை எடுத்து அதன் முனையில் தன் முத்திரையை வைத்துச் சுத்தியலால் அடித்தார். "இதுல ஒரு வால்வு தண்டு கடைஞ்சு வைங்க. சாப்பிட்டு வந்து அளந்து பாக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க, சில பேரு வெளியில வாங்கிட்டு வந்து காட்டுறாங்க. டிரைவர் வாசல்லயே இருப்பாரு."

"அதுக்கென்ன மேடம்."

"பட்டியல்ல ஏறிட்டீங்கன்னா மாசா மாசம் வருவோம். சொல்லாம வருவோம்."

"உங்க பட்டறை மாதிரி நெனைச்சு வாங்க மேடம்."

மேடமும் முதலாளியும் சாப்பிடப் போனதும் லேத் ஓடத் தொடங்கியது, நின்றது, மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. அக்கா பூட்டைத் திறந்தாள்.

"முக்கால்வாசி முடிஞ்சுது. கடைசி அளவுதான் நிக்க மாட்டேங்குது. வா."

"நான்தான் வெளிநாட்டுல இருக்கேனே. எந்த நாடுன்னாவது சொல்லுக்கா. குளிர் நாடுன்னா ஸ்வெட்டர் எடுத்துட்டு வந்திருப்பேன்."

"இந்த வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. வாடா."

சர்டிபிகேட் ஐம்பதை நெருங்கியவர். உள்ளூர் ஆட்களுக்கென்று எண்ணெய்க் கம்பெனி நடத்திய பயிற்சியில் முதல் வகுப்பில் தேறி, கம்பெனியில் வேலை கிடைக்காமல் இங்கே வந்தவர். அவர் படித்தது கம்ப்யூட்டர் வைத்த புது லேத்தில். இது தேய்ந்த லேத். சக்கரத்தைத் திருப்பினால் கொஞ்ச தூரம் சும்மா சுற்றிவிட்டு அப்புறம்தான் பிடிக்கும்.

"எனக்கு வேலை தெரியாதுன்னு நெனைச்சுடாத தம்பி."

"உங்களுக்குத் தெரியும்ணே. இந்தக் கிழத்தோட குணம்தான் தெரியாது. கால வாரி விட்டுடும்."

அவன் உள்ளங்கையால் சக்கரத்தைத் தள்ளினான். நீல நிறத்தில் சுருள் சுருளாக இரும்பு உரிந்து விழுந்தது. இயந்திரத்தை நிறுத்தி மைக்ரோமீட்டரை எடுத்தான். அதைத் திருகக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் வேண்டும். அவனிடம் கட்டைவிரல் இருந்தது. இடது கையால் முயன்றான். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு காட்டியது. கை இப்படி ஆன பிறகு அவன் அளந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

சர்டிபிகேட் கருவியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டார். "நீ தள்ளு. நான் அளக்கிறேன்."

வெல்டர் வாசலைப் பார்த்து நின்றான். "டிரைவர் தூங்குறாரு. அவரு குறட்டைக்கு நம்ம லேத்து எவ்வளவோ தேவலாம்."

அவன் தள்ளினான், அவர் அளந்தார். "இன்னும்." தள்ளினான். "இன்னும் ஒரு முடியில பாதி." மூச்சை அடக்கிக்கொண்டு தள்ளினான். சர்டிபிகேட் வெவ்வேறு இடங்களில் அளந்துவிட்டு மைக்ரோமீட்டரைத் துணியின் மேல் வைத்தார்.

"அளவு நின்னுடுச்சு" என்றார். பிறகு, "நாளைக்கும் வருவியா தம்பி? ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு ஆளு கணக்கு ஆகுதே" என்றார்.

அவன் அக்காவைப் பார்த்தான்.

"மாசா மாசம் வருவாங்களாமே. சொல்லாம."

"கேட்டுச்சா?"

"நடுவுல இருந்தது கதவுதானேக்கா." அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "அப்போ நான் எந்த நாளு வந்து லேத்துல நிக்கிறது?"

அக்கா அவன் சட்டையில் ஒட்டியிருந்த இரும்புச் சுருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டாள். "மொதல்ல பட்டியல்ல ஏறட்டும்டா. மூணு குடும்பம் இதை நம்பி இருக்கு."

"என்னையும் சேர்த்தா, சேர்க்காமலா?"

அவள் கைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு, "கெளம்பிட்டாங்களாம்" என்றாள். வெல்டர் வாசலிலிருந்து கையை ஆட்டினான். டிரைவர் எழுந்து காரை ஒட்டி நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

அக்கா மேசை இழுப்பறையிலிருந்து மஞ்சள் கையுறைகளை எடுத்து சர்டிபிகேட்டிடம் நீட்டினாள். "போட்டுக்குங்கண்ணே, மேடம் வர்றாங்க."

"போட்டுக்கிட்டு லேத்தை ஓட்டிடாதீங்கண்ணே" என்றான் தம்பி.

யாரும் தள்ளாமல் அவனே ஸ்டோர் ரூமுக்குள் போனான். டப்பாவில் உட்கார்ந்தான்.

"லைட்ட அணைக்காதக்கா."

"கதவுக்கு அடியில வெளிச்சம் தெரியும்டா."

சுவிட்ச் வெளியில்தான் இருந்தது. அவன் தலையாட்டினான்.

"சரி. போயிட்டு வரேன்" என்றான்.

அக்கா விளக்கை அணைத்தாள். கதவைச் சாத்திப் பூட்டைப் போட்டாள். சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.