நட்சத்திரம் போட்டு வச்ச முகவரி

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் காலைலேர்ந்து கம்ப்யூட்டர் முன்னாடியேதான் உட்கார்ந்திருந்தான். சுவடு தெரியாம நெட் பாக்கிற அந்த ப்ரவுசரை அமுக்கினா, சின்னதா ஒரு பெட்டி வந்து நிக்குது. "ஏற்கனவே ஓடிக்கிட்டிருக்கு, ஆனா பதில் சொல்லல"ன்னு அதுல எழுதியிருந்துச்சு.

எட்டிப் பாத்த பொண்டாட்டி, "உங்களைத்தான் சொல்லுது போல"ன்னா.

அவனுக்குச் சிரிப்பு வரல. நேத்து அதைத் திறந்து வச்சிருந்தப்பவே கரண்ட் போச்சு. அதுலேர்ந்து இந்தக் கதைதான்.

வேற நாளா இருந்தா போகட்டும்னு விட்டிருப்பான். தங்கச்சி நாளைக்குப் புருஷன் வீட்டை விட்டுக் கிளம்புறா. அவ போனை அந்த ஆளு தினமும் நோண்டிப் பாப்பான். அதனால அண்ணனும் தங்கச்சியும் பேசிக்கிறதெல்லாம் அந்த ப்ரவுசர்ல மட்டும் திறக்கிற ஒரு பக்கத்துலதான். அவ வேலை பாக்கிற கிளினிக் கம்ப்யூட்டர்லேர்ந்து எழுதுவா, இவன் வீட்ல படிப்பான். பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எந்த வழியா வெளிய வரப்போறா, இவன் பேசி வச்ச வாடகை வேனை எங்க நிறுத்தணும், எத்தனை மணிக்குன்னு நேத்தே எழுதி வச்சிருப்பா. இன்னைக்கு கிளினிக் லீவு. நேர்ல போய்க் கேக்க பஸ்ல ஏறலாம்னா, டிரைவர் கண்டக்டர் எல்லாம் மாப்பிள்ளையோட சிநேகிதங்க. இவன் தலை அந்தத் தெருவுல தெரிஞ்சாலே மாமியார்க்காரி மோப்பம் பிடிச்சிடுவா.

கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டான். அதே பெட்டி. பின்னாடி ஓடுற வேலையெல்லாம் வரிசையாக் காட்டுற ஜன்னலைத் திறந்து தேடினான். அப்படி ஒண்ணு ஓடவே இல்ல. வைரஸ் பிடிக்கிற சாஃப்ட்வேரை நிறுத்திப் பாத்தான். கம்ப்யூட்டர் கடிகாரம் சரியா இருக்கான்னு பாத்தான். எல்லாம் சரியா இருந்துச்சு, அது மட்டும் அசையல.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்கிற ஒருத்தன் இருக்கான், எல்லாரும் மவுஸுன்னுதான் கூப்பிடுவாங்க. அவனுக்குப் போன் போட்டான்.

"அந்த ஃபோல்டரை அப்படியே தூக்கிட்டு, புதுசா இறக்கிப் போடுங்கண்ணே. அஞ்சு நிமிஷ வேலை."

"எதுவும் போயிடாதேடா?"

"அது எதையும் ஞாபகம் வச்சுக்காத ப்ரவுசர்ண்ணே. போறதுக்கு அதுல என்ன இருக்கு?"

மெக்கானிக்குக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. அவன் தொழில்லயும் அதானே வழக்கம். கம்ப்ரசர் பிடிச்சுக்கிச்சுன்னா நோண்டிக்கிட்டு நிக்க மாட்டான், கழட்டிட்டு வேற மாட்டிடுவான். ஃபோல்டரை அழிச்சான். எதை அழிச்சாலும் குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாம அடியோட அழிக்கணும்னு தங்கச்சி சொல்லிக் குடுத்திருந்தா. அது கைப்பழக்கமாவே ஆயிடுச்சு. இன்னைக்கும் கை அப்படியே அழிச்சிடுச்சு.

புதுசு இறங்குச்சு. அமுக்கினதும் பளிச்சுன்னு திறந்துச்சு.

"வந்துடுச்சு, இங்க வா"ன்னான். பொண்டாட்டி ஈரக்கையோட ஓடி வந்தா.

மேல, தங்கச்சி பக்கத்தோட முகவரிக்கு நட்சத்திரம் போட்டு வச்சிருந்த இடத்தைத் தேடினான். காலியா இருந்துச்சு. அந்த முகவரில பேரும் இல்ல, ஊரும் இல்ல, ரயில்பெட்டி நீளத்துக்கு எழுத்தும் நம்பருமா இருக்கும். எங்கயும் எழுதி வைக்கக் கூடாதுன்னு ரெண்டு பேரும் பேசி வச்சிருந்தாங்க. அது இருந்த ஒரே இடம் அந்த நட்சத்திரம். நட்சத்திரம் இருந்தது அந்த ஃபோல்டருக்குள்ள.

மவுஸுக்குத் திரும்பவும் போன் போட்டான்.

"புக்மார்க் வச்சிருந்தீங்களா? முதல்லயே சொல்ல வேணாமாண்ணே? அதுவும் அந்த ஃபோல்டர்லதான் இருக்கும். குப்பைத்தொட்டியில பாருங்க."

"அதுலயும் இல்லடா."

"சாயங்காலம் வந்து ஏதாவது மீட்க முடியுதான்னு பாக்குறேன். புதுசை அது மேலயே இறக்கிட்டீங்க, கஷ்டம்தான்"ன்னான் மவுஸு.

"என்னங்க பண்ணப் போறீங்க?"ன்னு பொண்டாட்டி கேட்டா. அவன் தங்கச்சி நம்பரை எடுத்து வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தான். அப்புறம் அமுக்கிட்டான்.

மாப்பிள்ளைதான் எடுத்தான். "என்ன மச்சான், அதிசயமா இருக்கு. மழைதான் வரப்போகுது. இருங்க, ஸ்பீக்கர்ல போடுறேன்."

"சும்மாதான் மாப்ள. எல்லாரும் எப்படி இருக்கீங்கன்னு..."

"எங்களுக்கென்ன கேடு? ஏய், உங்க அண்ணன் பேசுறாரு."

தூரத்துலேர்ந்து அவ குரல் வந்துச்சு. "நல்லா இருக்கேண்ணே. வேலையாப் போயிடுச்சு."

"நான்... உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு..."

"என்னவாம்?"ன்னு மாப்பிள்ளை குறுக்க விழுந்தான். "என்கிட்ட கேளுங்க மச்சான், நான் சொல்ல மாட்டேனா?"

"ஒண்ணுமில்ல மாப்ள. பிள்ளைக்குச் சளி விட்டுச்சான்னு கேக்கத்தான்."

"விட்டுடுச்சுண்ணே"ன்னு அவளே சொன்னா. "நீ போன் பண்ணதே எனக்குத் தெம்பா இருக்கு."

கல்யாணம் ஆனதுலேர்ந்து அவ குரல் இவ்வளவு லேசா இருந்து அவன் கேட்டதில்ல. போன் கட் ஆயிடுச்சு.

"என்ன சொன்னா?"ன்னு பொண்டாட்டி கேட்டா.

"நான் எல்லாத்தையும் படிச்சிட்டேன்னு நெனச்சுட்டா"ன்னான் மெக்கானிக்.