புள்ளிக்கோடு

நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெயர் சவுரிராயன், ஊர் திண்டிவனம். ஓய்வு பெற்றவர்களில் சிலர் ஷேர் மார்க்கெட்டில் விழுவார்கள், சிலர் வாக்கிங் போகிறேன் என்று டீக்கடையில் உட்காருவார்கள். நான் வம்சாவளியில் விழுந்தேன். நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று என் மனைவி லூர்து மேரி பல தடவை எடுத்துச் சொன்னாள். நான் நதியும் இல்லை, ரிஷியும் இல்லை என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் கோயிலில் பதிவேடு இருக்கும். வசதி என்று சொன்னேனே தவிர, அதைப் பார்ப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். ஃபாதர் இருந்தால் சாவி இருக்காது, சாவி இருந்தால் ஃபாதர் இருக்க மாட்டார். பதிவேட்டைத் திறந்தால் பாதிப் பக்கத்தைக் கரையான் வாசித்து முடித்திருக்கும். மீதிப் பாதி லத்தீன். சொந்தக்காரர்கள் அதற்கு மேல். தாத்தா பெயரைக் கேட்கப் போனால், பத்திரத்தை எங்கே ஒளித்து வைப்பது என்று உள்ளே ஓடுவார்கள். ஒரு அத்தை என்னை வாசலிலேயே நிறுத்தி, பாகம் கேட்டு வந்தியா என்று கேட்டாள்.

ஆனாலும் ஒரு நாள், தாது வருஷப் பஞ்சத்தில் ஞானஸ்நானம் வாங்கிய என் பாட்டனுக்குப் பாட்டன் பெயர் ஒரு பழுப்புப் பக்கத்தில் அகப்பட்டது. அவனுக்கு அப்போது வயது ஏழு. தாய் தகப்பன் இருவரும் இறந்துவிட்டதாக எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நான் அழுதேன். கஞ்சிக்காக மதம் மாறினான் என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும், அவன் கஞ்சி குடித்ததால்தான் நான் இருக்கிறேன்.

நான் வரைந்துவந்த வம்ச மரத்துக்கு ஒரு சட்டம் வைத்திருந்தேன். அளக்காத இடத்தில் கோடு போடாதே என்று என் முதல் மேலதிகாரி சொல்லிக் கொடுத்தது அது. பதிவேட்டில் இருந்தால் முழுக்கோடு. பதிவு இல்லை, வாய்ச்சொல் மட்டும் என்றால் புள்ளிக்கோடு. பெற்ற தாய் வந்து சத்தியம் செய்தாலும் இதில் மாற்றம் கிடையாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

என் பெரியப்பா மகன் தொம்மை அண்ணனுக்குப் புள்ளிக்கோடுதான் விழுந்தது. அண்ணன் லாரி ஓட்டியவர். இருபத்தெட்டு வயதில் கெடாரிலிருந்து வெள்ளையம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் வேறு சாதி, வேறு சாமி. பெரியம்மா வீட்டில் சேர்க்கவில்லை. அண்ணனும் வீம்புக்காரர், அப்படியானால் உங்கள் கோயிலும் வேண்டாம் என்று விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வாடகை வீடு பிடித்து, சாகும்வரை அங்கேயே இருந்தார். பிள்ளை இல்லை. செத்த பிறகுதான் எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். வெள்ளையம்மாள் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, புடைத்துப் பிழைத்தாள். அவளை நான் அண்ணி என்று கூப்பிட்டதே இல்லை. பெயர் சொல்லியும் கூப்பிட மாட்டேன், மொட்டையாகப் பேசிவிட்டு வருவேன்.

எங்கள் கோயிலில் ஒருவருக்குக் கல்யாணம் ஆனால் அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிப்பார்கள். வெளிக்கோயிலில் நடந்தால் அங்கிருந்து கடிதம் வரும், அதையும் குறிப்பார்கள். தொம்மை அண்ணன் பதிவின் ஓரம் காலியாக இருந்தது. சுற்றுவட்டாரத்தில் நாலு கோயிலில் வெள்ளையம்மாள் என்ற பெயரைத் தேடினேன். இல்லை. எனக்கு அது போதும்.

போன பொங்கலுக்கு முந்திய பொங்கல் லீவில் குடும்பம் முழுவதையும் கூட்டினோம். தொம்மை அண்ணனின் தம்பி மகன் ஸ்டீபன்ராஜ்தான் ஏற்பாடு. என் மரத்தைப் பன்னிரண்டு அடி பிளக்ஸாக அடித்துப் பந்தலில் கட்டினார்கள். நூற்று நாற்பத்தெட்டு வருடம், இருநூற்றுப் பதினோரு பேர். எல்லோரும் தங்கள் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான பகல் வேறு இல்லை.

வெள்ளையம்மாளும் வந்திருந்தாள். அஞ்சாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். பிளக்ஸ் முன்னால் நின்று வாய்விட்டு வாசித்தாள். தொம்மை. பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு. அதன் முனையில் வெள்ளையம்மாள். அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் நான் எழுதியிருந்தது: உடன் வாழ்ந்தவர். அந்த இரண்டு வார்த்தையையும் அவள் இரண்டு தடவை கூட்டினாள். பின்னால் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள்.

சாப்பிட்டுவிட்டு என்னிடம் வந்தாள். கோபமாகப் பேசவில்லை.

"தம்பி, என்னை பஸ்ஸுல கூட்டிக்கினு போனாரு. சின்னக் கோயிலு. மொத நாளு சாமியார் தண்ணி ஊத்தி எனக்குப் பேர் கூட வச்சாரு. மக்யா நாளு காலையில கல்யாணம். நீங்க இன்னொரு வாட்டி பாருங்க."

எந்தக் கோயில் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். என்ன பேர் வைத்தார்கள் என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மச்சான் என்னைப் புகழ்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட்டில் அவள் செத்துப்போனாள். சிறுநீரகம் போய் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் பார்க்கப் போகவில்லை. கெடாரில் விவசாயம் பார்க்கும் அவள் தம்பி குமரேசன்தான் கூட இருந்தான். அக்காவைத் தொம்மை அண்ணன் குழியிலேயே வைக்க வேண்டும், அதுதான் அவள் கேட்டது என்று அவன் எங்கள் ஃபாதரிடம் வந்து நின்றான். இடநெருக்கடியான கல்லறைத் தோட்டம் எங்களுடையது. புருஷன் குழியைத் திறந்து பெண்டாட்டியை வைப்பது வழக்கம். ஸ்டீபன்ராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் குழியை அவன் தன் அம்மாவுக்கு என்று மனதில் வைத்திருந்தான். அவள் வேதத்தில் சேர்ந்ததற்கே அத்தாட்சி இல்லை என்று சொல்லி, செல்லில் என் பிளக்ஸ் படத்தைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறான்.

காலை பதினோரு மணிக்கு ஃபாதர் எனக்குப் போன் போட்டார். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும் என்கிறார்கள், இந்த அம்மா தொம்மையின் மனைவியா என்று கேட்டார்.

"பதிவு எதுவும் இல்ல, ஃபாதர்."

"பதிவ விடுங்க. உங்களுக்குத் தெரிஞ்சு?"

லூர்து மேரி அரிவாள்மனையில் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். ஆமாம் என்று சொல்லுங்க என்று வாயசைத்தாள்.

"பதிவு இல்லாம நான் எதையும் சொல்றது இல்ல, ஃபாதர்."

சாயந்திரத்துக்குள் அவளைக் கெடாருக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டார்கள். லூர்து மேரி மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. நான் சட்டப்படி நடந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பழையபடி பதிவேடுகளுக்குப் போனேன்.

அடுத்த மார்ச்சில், தாத்தாவின் தங்கை ஒருத்தியைத் தேடிக் கண்டமங்கலம் பக்கம் ஒரு சின்னக் கோயிலுக்குப் போயிருந்தேன். சிறிய பங்கு என்பதால் எழுபது வருடத்துக்கும் ஒரே கல்யாணப் புத்தகம். தாத்தாவின் தங்கை அகப்படவில்லை. சாப்பிடப் போன ஃபாதர் திரும்பி வரும்வரை சும்மா பின்பக்கங்களைப் புரட்டினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது, மே மாதம். மாப்பிள்ளை தொம்மை, தகப்பன் பெயர், ஊர் எல்லாம் சரி. பெண் எலிசா, வயது பத்தொன்பது, ஊர் கெடார், முந்தின நாள் ஞானஸ்நானம் பெற்றவள். சாமியார் எலிசா என்று எழுதியதற்குக் கீழே அவள் தனக்குத் தெரிந்த ஒரே கையெழுத்தை உருட்டி உருட்டிப் போட்டிருந்தாள். வெள்ளையம்மாள்.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? நாற்பத்தைந்து வருட முடிச்சு அவிழ்ந்தது, புள்ளிக்கோடு முழுக்கோடு ஆகிறது என்று தொடையில் தட்டிக்கொண்டு பென்சிலை எடுத்தேன். பாதி எழுதிய பிறகுதான் அவள் செத்து ஏழு மாதம் ஆகிறது என்பது உறைத்தது. பென்சிலைப் பையில் போட்டுவிட்டு அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டுவிட்டு வந்த ஃபாதர், உடம்புக்கு என்ன என்று கேட்டார். இங்கிருந்து போயிருக்க வேண்டிய ஒரு கடிதம் போகவில்லை, அவ்வளவுதான். ஆனால் கடிதத்தின் மேல் பழியைப் போட்டு நான் தப்பிக்க முடியாது.

சீல் வைத்த சான்றிதழை வாங்கிக்கொண்டு நேரே ஸ்டீபன்ராஜிடம் போனேன். அவன் அதைக் கையில்கூட வாங்கவில்லை, குழிக்கு மேல் கிரானைட் போட்டாயிற்று என்றான். மறுநாள் கெடாருக்குப் பஸ் ஏறினேன். அஸ்தி கொஞ்சமாவது வைத்திருந்தால் கேட்டு வாங்கி, சண்டை போட்டாவது அண்ணன் பக்கத்தில் புதைத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

குமரேசன் களத்தில் மல்லாட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தான். நாற்காலி கொண்டுவந்து போட்டான். அஸ்தியை மூன்றாம் நாளே தென்பெண்ணையில் கரைத்துவிட்டதாகச் சொன்னான். சான்றிதழை வாங்கி நிதானமாக வாசித்தான்.

"எலிசான்ற பேரு எங்களுக்குத் தெரியும் சார். எங்கம்மாகூட சண்டை வந்தா, நான் எலிசா, உங்க வெள்ளையம்மா செத்துட்டாள்னு அக்கா சொல்லும்."

ஒரு வார்த்தை. ஆறு வருடம் கோயில் கோயிலாக அலைந்தவன், அதைக் கேட்க இந்தக் களத்துக்கு ஒரு பஸ் ஏறவில்லை. அவனுடைய மனைவி வெண்ணிலா உள்ளே போய் ஒரு மஞ்சள் துணி முடிச்சைக் கொண்டுவந்து அவிழ்த்தாள். கயிற்றில் கோத்த தாலி. தாலியில் சிலுவை இருந்தது.

"புருசன் செத்தப்புறமும் கழட்ட மாட்டேன்னுட்டாங்க. எரிக்கிறதுக்கு முன்னாடி நாந்தான் கழட்டினேன்" என்றாள்.

எத்தனை முறை அவள் எதிரில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன். பத்திரம் இருக்கிறதா, ஃபோட்டோ இருக்கிறதா என்று கேட்டேனே ஒழிய, அவள் கழுத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னித்துவிடு தம்பி என்று குமரேசனிடம் சொன்னேன். அன்றைக்கு ஃபாதர் திடீரென்று கேட்டதும் எனக்கு வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை, ஸ்டீபன்ராஜ்தான் என் பெயரை இழுத்துவிட்டான் என்றும் சொன்னேன்.

குமரேசன் தலையை ஆட்டினான்.

"அவரு இழுக்கல சார். உங்களக் கேக்கச் சொன்னதே அக்காதான். ஆஸ்பத்திரில சொல்லிக்கினே கெடந்துச்சி. ஸ்டீபன் இன்னா சொன்னாலும் வுட்டுடுங்க, சவுரி தம்பியக் கேக்கச் சொல்லுங்க ஃபாதர, அவரு எனக்காகத் தேடிக்கினு இருக்காரு, அவரு பொய் சொல்ல மாட்டாருன்னு."

அவள் சொன்னபடிதான் நடந்தது. நான் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால், அது உண்மையாக இருந்திருக்கும்.