ரயீஸ் ஹம்தூ எங்கே போகிறார்?

1

நான்கு ஆண்டுகளாக ஒரு நாவல் எழுதுகிறேன். போர்க்காலத்தில் எங்கள் சிரியக் கரையின் லதாக்கியா, அதன் கடலோடிகள். அறுநூறு பக்கம் தாண்டியும் ஒரு படகுகூடத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பவில்லை. "அவங்களாவது கரையில இருக்காங்க. நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள் என் மனைவி விதாத். அந்தக் கேள்வியில்தான் இந்தக் கதை கிடைத்தது. ஒரே ஒரு ஆளையாவது அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன்.

2

முதல் தொடக்கம்: "1942. கடல் ஒரு கிழட்டு மிருகம்போல—" [அடித்துவிட்டேன். அன்று கடல் கடலாகத்தான் இருந்தது.]

இரண்டாவது: வியாழக்கிழமை காலை, துறைமுக அலுவலகச் சன்னலில் படகுத் தலைவர் ரயீஸ் ஹம்தூ நிற்கிறார். நாளை அர்வாத் தீவில் அவருக்குத் திருமணம். போரால் இருமுறை தள்ளிப்போனது. இம்முறையும் வராவிட்டால் வேறு மாப்பிள்ளை என்று பெண்ணின் தகப்பன் சொல்லிவிட்டார். நண்பகலில் போர்க்கப்பல்களுக்காகத் துறைமுகத்தை மூடிவிடுவார்கள். அதற்குள் அனுமதிச்சீட்டு வேண்டும்.

3

"எங்க போறீங்க, ரயீஸ்?" என்றார் எழுத்தர் இல்யாஸ் எஃபெந்தி. கடலே இல்லாத அலெப்போவின் ஆள், வந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

"நல்ல இடத்துக்குத்தான், எஃபெந்தி."

"அப்படி ஒரு ஊரு இல்லையே."

(எங்கள் கடலோடிகள் கிளம்பும் நாளில் போகும் ஊரைச் சொல்லமாட்டார்கள். சொன்னால் காற்று திரும்பிவிடும். ஹம்தூவுக்கு எழுதவும் தெரியாது. விரல் வைத்துக் காட்டலாம் என்றால் வரைபடங்களை ராணுவம் பூட்டிவைத்துவிட்டது.)

வரிசையில் பின்னால் பதினெட்டுப் படகோட்டிகள். எஃபெந்தி அவர்களைப் பார்த்தார். "உங்களுக்காவது தெரியுமா?"

"தெரியும். ஆனா கேக்காதீங்க, நாங்களும் இன்னிக்குப் பாய் ஏத்தணும்."

"எல்லாரும் சேர்ந்து உளவு வேலையா பாக்குறீங்க?"

"உளவாளின்னா கேட்டதும் ஒரு ஊரைச் சொல்லியிருப்பானே!"

4

இங்கே பேனா நின்றது. ஒரு காற்றுக்காகப் பெண்ணை இழப்பானா ஒருவன்? புயல் வைத்து முடிக்கலாமா? நாவலில் ஏற்கெனவே ஏழு புயல்.

"அந்தப் பொண்ணே படகு ஏறி இங்க வரட்டுமே," என்றாள் விதாத்.

"அங்கயும் ஒரு சன்னல் இருக்கு. அவளும் வாயைத் திறக்கமாட்டா."

விதாத் சிரித்தாள். "அப்போ அவரைத் திட்டாதீங்க. அவகிட்ட போய்ச் சேரணும்னுதான் மனுஷன் வாயை மூடிக்கிட்டிருக்கார்."

இதை நான் யோசிக்கவே இல்லை.

5

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். எஃபெந்தி பேனாவை மையில் தோய்த்தார். "ஊரு வேணாம். யாரைப் பாக்கப் போறீங்க? அந்தப் பேரையாவது சொல்லுங்க."

மணக்கப்போகும் பெண்ணின் பெயரை நாலு ஆண்கள் முன் சொல்வது எங்கள் வழக்கமில்லை. ஊரைச் சொல்வதைவிட இது கூச்சம். பதினெட்டுப் பேரும் மரியாதையாகத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

"ஃபத்தூம்," என்றார் ஹம்தூ.

"சத்தமா."

"ஃபத்தூம்!"

காது மடல் வரை சிவந்துபோனார். போய்ச் சேரும் இடம் என்ற கட்டத்தில் எஃபெந்தி அப்படியே எழுதி, உள்ளே முத்திரைக்குக் கொண்டுபோனார். உள்ளே இருந்தவர் அரபியை எழுத்துக்கூட்டிப் படிக்கும் அந்நிய அதிகாரி.

"இது எந்தக் கரையில இருக்கு?"

"பக்கத்துலதான், ஐயா. காத்து நல்லா இருந்தா நாளைக்குள்ள போயிடலாம்."

அதிகாரி முத்திரையைத் தூக்கினார். அது இன்னும் அந்தரத்தில் நிற்கிறது. ஒரு படகையும் அனுப்பிப் பழகாத கை என்னுடையது. நீங்கள் இறக்குங்கள், வாசகரே. யோசிக்க நேரமில்லை. பதினெட்டுப் பேரும் வரிசையை விட்டுவிட்டு ஹம்தூவின் படகை அவிழ்க்க ஓடிவிட்டார்கள்.