ஸ்டூலைப் பிடித்திருந்தவர்

என் கணவர் எலக்ட்ரீஷியன். ஆனால் வீட்டில் பல்பு மாற்றுவது நான்தான். ஸ்டூலில் ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும். நான் மேலே நிற்பேன். அவர் தரையில் மண்டியிட்டு ஸ்டூலின் கால்களை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

"கரண்டுக்குப் பயமில்ல, ஸ்டூலுக்குப் பயமா?" என்பேன்.

"பேசாம மாட்டு. கீழ பாக்காத."

நாங்கள் ஆதிவாசிகள். அவருடைய தாத்தா காலத்திலேயே மலையை விட்டு இறங்கியாயிற்று. அவர் பிறந்தது பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு சந்தில். மரம் ஏறியதே கிடையாது. எலக்ட்ரீஷியன் பயிற்சிச் சான்றிதழோடு ஒரு கட்டடப் பராமரிப்புக் கம்பெனிக்குப் போனபோது, சூப்பர்வைசர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. விண்ணப்பத்தில் இனம் எழுதிய கட்டத்தில் விரலை வைத்துச் சிரித்தாராம்.

"ஒயர் வேலைக்கு ஆள் இருக்குப்பா. நீ வெளிக் கண்ணாடி தொடைக்கப் போ. உங்க ஆளுங்களுக்கு உயரம்னா பயமே கிடையாதே!"

"எனக்குப் பயம் சார்."

"கேட்டுக்கங்கப்பா, மீனுக்குத் தண்ணின்னா பயமாம்!"

அறையே சிரித்தது.

ஆறு வருடம் கயிற்றில் தொங்கினார். காலையில் எதுவும் சாப்பிட மாட்டார். மேலே வாந்தி வந்தால் துடைத்த கண்ணாடியைத் திரும்பத் துடைக்க வேண்டும். ஒயர் வேலைக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தார். மூன்று முறையும் அந்த வேலை அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்குப் போயிற்று.

"விட்டுத் தொலைங்களேன்" என்று கத்தியிருக்கிறேன்.

"வேற எடத்துல மட்டும் என்ன, நம்ம மூஞ்சியப் பாத்து நாற்காலியா போடப்போறான்?"

பன்னிரண்டாம் மாடியிலிருந்து விழுந்தார். துக்கம் கேட்க வந்த சூப்பர்வைசர் நிஜமாகவே அழுதார். "உங்க ஆளு விழுவாருன்னு நெனைக்கவே இல்லம்மா. அதனாலதான் பாதுகாப்புக்கு ரெண்டாவது கயிறு கட்டாதத நானும் கண்டுக்கல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு படிவத்தை நீட்டினார். என் கணவர் இடத்தில் எனக்கு வேலை. எந்த வேலை என்ற கட்டத்தை சூப்பர்வைசரே நிரப்பியிருந்தார்: வெளிக் கண்ணாடி.

"எனக்கு டைப்பிங் தெரியும் சார். பரீட்சை பாஸ் பண்ணியிருக்கேன்."

"அதுக்கு ஆள் இருக்கும்மா. நாளைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடு. உங்க பொம்பளைங்களும் நல்லா ஏறுவீங்கல்ல?"

அன்று சாயங்காலம் பல்பு போயிற்று. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன்.

"புடிச்சிருக்கீங்களா?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

ஸ்டூல் ஆடியது. கீழே பார்த்தேன். அவர் மண்டியிடும் இடத்தில் அந்தப் படிவம் கிடந்தது.